கழற்றினால்தான் தெரியும் வயது

லியோ ஃபெண்டர் 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரிலிருந்து பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை கீழ்ச்சுரம் வாசித்தவர்கள் ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து அலைந்தார்கள். பக்கத்தில் டிரம்ஸ் முழங்கினால் அதன் ஒலி அமுங்கிவிடும். ஃபெண்டரின் கருவியைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம், ஆம்ப்ளிஃபயரில் செருகலாம். கழுத்தில் ஃப்ரெட் என்னும் உலோகக் கம்பிகள் பதித்திருந்ததால் சரியான கட்டத்தில் விரல் அழுத்தினால் போதும், சுருதி பிசகாது. 1960-இல் அவருடைய ஜாஸ் பேஸ் வந்தது. 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை விலைக்கு வாங்கியது. அந்தக் கைமாற்றத்துக்கு முந்தைய கருவிகளைத்தான் சேகரிப்பாளர்கள் தேடித் திரிகிறார்கள். மாற்றம் எதுவும் செய்யாத ஒன்று பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

பணம் புழங்கும் இடத்தில் போலியும் வரும். ஆனால் அடிமுதல் நுனிவரை போலியாகச் செய்த கருவியைவிட அதிகம் கண்ணில் படுவது ஒட்டுக்கருவி: நெக் ஓர் ஆண்டு, பாடி வேறோர் ஆண்டு, உள்ளே புதிய மின்பாகங்கள். ஃபெண்டரின் வடிவமைப்பே இதற்கு வழி விடுகிறது. நெக்கைப் பாடியோடு பிடித்திருப்பவை நான்கு திருகுகள்தான். பழுது பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அவர் அப்படிச் செய்தார். அதே வசதி ஏமாற்றுபவருக்கும் கிடைத்துவிட்டது.

வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது சீரியல் எண்ணை. என் கணிப்பில் அதுதான் மிகப் பலவீனமான சாட்சி. 1960-களின் கருவிகளில் அந்த எண் பின்புறத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அதே நான்கு திருகுகளைக் கழற்றினால் தகடும் கையோடு வந்துவிடும். தொழிற்சாலையிலும் தகடுகளை வரிசைப்படி எடுத்துப் பொருத்தியதில்லை. ஆகவே எண் தோராயமான காலத்தைக் காட்டும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

நெக்கைக் கழற்றி அதன் அடிப்பகுதியைப் பாருங்கள். 1962 வரை அங்கே பென்சிலால் தேதி எழுதினார்கள், பிறகு மை முத்திரை குத்தினார்கள். ‘7 மே 64 ஏ’ என்று இருந்தால் மே 7-ஆம் தேதி என்று பலர் படித்துவிடுகிறார்கள். அந்த 7 ஜாஸ் பேஸுக்கான குறியீடு, பிரிசிஷனுக்கு 5. கடைசி எழுத்து நெக்கின் அகலத்தைச் சொல்கிறது. பிரிசிஷன் என்று விற்கப்படும் கருவியின் நெக்கில் 7 இருந்தால் அங்கேயே நின்று கேள்வி கேட்க வேண்டும். முத்திரை சொல்வதும் நெக் செய்த காலத்தைத்தான். கருவி முழுமையானது சில மாதம் கழித்து இருக்கலாம்.

அடுத்து வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்னும் மின்தடை மாற்றிகள். அவற்றின் உலோக உறையில் ஓர் எண் இருக்கும். 3046409 என்றால், 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனம், 64 ஆண்டு, 09 அந்த ஆண்டின் ஒன்பதாவது வாரம். பாட் கருவியைவிடப் பழையதாக இருக்கலாம். 1966-இல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கிக் குவித்த பாட்கள் அடுத்த சில ஆண்டுகளுக்கு ஓடின. ஆனால் 1964 என்று சொல்லும் கருவியில் 1967-ஆம் ஆண்டு பாட் இருந்தால், யாரோ பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். சால்டர் முனைகளையும் உற்றுப் பாருங்கள். ஒருமுறை வைத்து அப்படியே விட்ட ஈயம் மங்கி, தூசி படிந்து கிடக்கும். உருக்கி மறுபடி வைத்த இடம் பளபளக்கும், பக்கத்தில் துணி சுற்றிய கம்பியின் நுனி கருகியிருக்கும்.

எனக்கு மிகப் பிடித்த தடயம் ஆணி ஓட்டைகள். வண்ணம் பூசும்போது பாடி தரையில் ஒட்டாமல் இருக்க, ஏறக்குறைய 1964 வரை, அதன் முகப்பில் சிறு ஆணிகளை அடித்து நிறுத்தினார்கள். பூச்சு முடிந்த பின் ஆணிகளைப் பிடுங்கினார்கள். பிக்கார்டு என்னும் பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினால் அந்த ஓட்டைகள் தெரியும். மூலப் பூச்சு என்றால் ஓட்டைக்குள் வெறும் மரம் இருக்கும். உள்ளே வண்ணம் இறங்கியிருந்தாலோ, ஓட்டையே காணாமல் போயிருந்தாலோ, அது மறுபூச்சு. விலையில் பாதியோ அதற்கு மேலோ அந்தச் சிறு துளையில் நிற்கிறது. மறுபூச்சு செய்த கருவி ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் போகும் என்பது வணிகர்களின் பொதுக் கணக்கு.

ஃபியெஸ்டா ரெட் போன்ற சிறப்பு வண்ணங்களுக்கு இன்னும் கூடுதல் விலை. அதனால் சாதாரண சன்பர்ஸ்ட் கருவிக்குச் சிவப்பு பூசி விற்பதும் நடக்கிறது. அன்றைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் காலப்போக்கில் மஞ்சளாகும். லேக் பிளாசிட் ப்ளூ என்ற நீலம் பச்சையாகத் தோன்றுவது இதனால்தான். வெயில் படாத பிக்கார்டுக்கு அடியில் நிறம் மாறாமல் இருக்க வேண்டும். புற ஊதா விளக்கை அடித்தால் பழைய லாக்கர் மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும், பின்னால் ஒட்டுப்போட்ட இடம் தனித்துத் தெரியும். 1995 முதல் ஃபெண்டரே செயற்கையாகத் தேய்த்துப் பழசாக்கிய கருவிகளை விற்று வருவதால், தேய்மானத்தை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது.

இத்தனை விதிகளும் பேர்பெற்ற ஒருவர் வாசித்த கருவியிடம் தலைகீழாகிவிடும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் ஃப்ரெட் இல்லாதது, விரல்பலகையில் எபாக்ஸி பூசியது, உடைந்து ஒட்டப்பட்டது. அதே நிலையில் பெயர் தெரியாத ஒருவரின் கருவி கேட்பாரற்றுக் கிடக்கும். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் பேஸ் 1972-இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. அது கிடைத்த செய்தி 2024-இல் வெளியானது. அதற்கும் 1960-களில் மறுபூச்சு நடந்திருக்கிறது. அங்கே மறுபூச்சு குறையாக இல்லாமல் அடையாளமாகவே ஆனது.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்கால விரல்பலகைகள் பல பிரேசில் ரோஸ்வுட்டில் செய்தவை. நம் மலைக்காடுகளின் ஈட்டி மரத்துக்கு உறவான அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் கருவியே பறிபோகலாம்.

வாசிக்க மட்டும் வாங்குபவருக்கு நான் சொல்வது, மறுபூச்சு செய்த கருவியைத் தேடுங்கள் என்பதுதான். நெக்கும், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் பழையவையாக இருந்து, பூச்சை மாற்றியதை விற்பவர் ஒளிக்காமல் சொன்னால், பாதி விலைக்கு அந்த ஒலி கைக்கு வரும். நெக் கழன்று கையில் இருக்கும்போதே அதன் அடியில் தெரியும் டிரஸ் ராட் முனையைத் திருகிப் பாருங்கள். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் கம்பி அது. இறுகிப்போய்த் திரும்ப மறுத்தால், பழுதுபார்க்க ஆகும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.