இணையப் பழக்கமும் நம் இளையர்களும்

2003ஆம் ஆண்டில், நான் தமிழ் போதித்த உயர்நிலை மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவன் முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்து உறங்கிவிடுவான். சோம்பேறி என்று முடிவு கட்டினேன்; பலர் முன்னிலையில் ஏசவும் செய்தேன். பள்ளி முடிந்ததும் அவன் 'லேன்' கடைக்குப் போகிறான், வீட்டிலும் பின்னிரவு வரை கணினியை விட்டு எழுவதில்லை என்பது, அவன் இறுதியாண்டுத் தேர்வில் தவறிய பிறகே எனக்குத் தெரிய வந்தது. "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் குறை இன்றும் மனத்தில் இருப்பதால்தான் மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

அடிமைத்தனம் என்ற சொல்லை நாம் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த நோய்ப் பட்டியலில் மின்னியல் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. அது மணிக்கணக்கை அளவுகோலாகக் கொள்ளவில்லை. விளையாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு இடம் தருதல், தீங்கு கண்கூடாகத் தெரிந்தும் தொடர்தல் ஆகியவற்றையே பார்க்கிறது. அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் விடிய விடிய விளையாடியவனை நோயாளி என்று சொல்வதற்கில்லை. நண்பர்களை விட்டு, உணவை மறந்து, பள்ளிக்கே போக மறுப்பவன் கதை வேறு.

பிள்ளைக்கு மன உறுதி இல்லை என்று பழிப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாத நிலையில், புறா சளைக்காமல் கொத்திக்கொண்டே இருந்தது. கைப்பேசித் திரையை விரலால் தள்ளுவதும் ஏறக்குறைய இதுதான். அடுத்த காணொளி சுவையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, இதற்கு இல்லை. போதாக்குறைக்கு, பதின்ம வயதில் உடலின் உறக்க நேரம் இயல்பாகவே பிந்திப்போகிறது. உறக்கம் வராத பிள்ளையின் கையில் முடிவில்லாத ஒன்றைக் கொடுத்து அறைக்கு அனுப்புகிறோம்.

சட்டம் போட்டுத் தடுக்க இயலாதா? தென்கொரியா முயன்று பார்த்தது. 2011 நவம்பர் முதல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணையத்தில் கணினி விளையாட்டு ஆடக்கூடாது என்று தடை விதித்தது. பிள்ளைகளோ பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். பிறகு விளையாட்டே கைப்பேசிக்கு மாறிவிட்டது. கைப்பேசி விளையாட்டுகளுக்கு அத்தடை பொருந்தவில்லை. 2022 ஜனவரியில் அச்சட்டம் நீக்கப்பட்டது. நம் சிங்கப்பூரில் 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில், இடைவேளையிலும் இணைப்பாட நேரத்திலும்கூட, கைப்பேசிப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வந்துள்ளது. நல்லதுதான். ஆனால் இரவு பள்ளியின் கையில் இல்லை.

நிலைமை முற்றியிருந்தால் மனநலக் கழகத்தில் சிகிச்சை உண்டு. 'உட்பிரிட்ஜ்' என்ற பழைய பெயரை நினைத்துக்கொண்டு தயங்கும் பெற்றோரை நான் அறிவேன். அந்தத் தயக்கத்தில் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

உயர்நிலை இரண்டில் படிக்கும் என் பேரனின் கைப்பேசியை என் மகள் ஒரு நாள் பிடுங்கி வைத்தாள். அவன் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. பிறகு அவனருகில் உட்கார்ந்து, அப்படி என்ன விளையாட்டு என்று காட்டச் சொன்னேன். பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் நான்கு வகுப்புத் தோழர்கள் சேர்ந்தே ஆடுகிறார்கள், இடையில் ஒருவன் எழுந்து போனால் மற்றவர்கள் தோற்றுவிடுவார்கள் என்பது மட்டும் விளங்கியது. பத்து மணிக்கு ஆட்டத்தை முடித்துக்கொள்வது என்று நால்வரும் பேசி வைத்துக்கொண்டார்கள். இப்போது பத்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுக் கைப்பேசிகள் எல்லாம், என்னுடையது உட்பட, கூடத்தில்தான் மின்னூட்டப்படுகின்றன. முதல் வாரத்தில் அதிகம் தவித்தது யார் என்பதை என் துணைவியார் ஆலயத்தில் எல்லோரிடமும் சொல்லி வருகிறார்.