முட்டி நிற்கும் நொதியும் முந்தி வரும் பழுதுநீக்கமும்

வடசென்னைத் துறைமுகத்துக்கும் வால்டாக்ஸ் சாலையின் கிடங்குகளுக்கும் சரக்கேற்றிச் செல்லும் லாரிகள் யானைக்கவுனி நெரிசலில் ஊர்கையில் கக்கும் டீசல் புகையில், பென்சோபைரீன் என்னும் வேதிப்பொருள் கரித்துகளில் ஒட்டிக்கொண்டு நுரையீரலை அடைகிறது. அதைக் கரைத்து வெளியேற்ற உடல் முயலும்போதே அது வீரியம் மிக்க வேறொரு பொருளாக மாறி, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான குவானினைப் பற்றிக்கொண்டு, இழையில் பருத்த முடிச்சாக நின்றுவிடுகிறது.

மரபணுவை வாசித்து ஆர்என்ஏவாக நகலெடுப்பதற்குப் ‘படியெடுத்தல்’ என்று பெயர். அதைச் செய்யும் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்னும் நொதி, எழுத்தெழுத்தாக நகர்ந்து வந்து அம்முடிச்சில் முட்டி நிற்கிறது. குழியில் சக்கரம் இறங்கிய வண்டியே குழியின் இடத்தைக் காட்டிக்கொடுப்பதுபோல, நின்றுபோன நொதியே பழுதின் இடத்தைக் காட்டிவிடுகிறது.

நொதி நின்றதை முதலில் உணரும் சிஎஸ்பி என்ற புரதம் சிஎஸ்ஏ உள்ளிட்ட துணைப்புரதங்களை அழைக்க, அவை இழைகளைப் பிரிக்கும் டிஎஃப்ஐஐஹெச் என்ற புரதத்தொகுதியை வரவழைக்கின்றன. பின்னர் முடிச்சின் இருபுறமும் வெட்டு விழுந்து ஏறத்தாழ முப்பது எழுத்துகள் கொண்ட துண்டு அகற்றப்பட, எதிர் இழையை அச்சாகக் கொண்டு அந்த இடைவெளி நிரப்பப்பட்டு ஒட்டப்படுகிறது.

இயங்கும் மரபணு விரைவாகச் சீராவதை 1985-இல் கண்ட பிலிப் ஹனவால்ட் குழுவினர், வாசிக்கப்படும் இழையே முந்திச் சீராகிறது என்பதை 1987-இல் நிறுவினர். புகைபிடிப்போரின் நுரையீரல் புற்றுநோயில், செல்லின் காவலனான பி53 மரபணுவில் காணப்படும் குவானின் பிழைகள் பெரும்பாலும் வாசிக்கப்படாத இழையில் தோன்றியவையாக இருப்பது இதற்குச் சான்று. சிஎஸ்ஏ அல்லது சிஎஸ்பி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகளுக்கு வளர்ச்சி குன்றி, நரம்புகள் நலிந்து, வெயிலைத் தோல் தாங்காத நிலை உண்டாகிறது. இந்நோய், 1936-இல் அதை விவரித்த மருத்துவர் காக்கெய்ன் பெயரால் அழைக்கப்படுகிறது.

இத்துணை நேர்த்தியான ஏற்பாடும் வாசிக்கப்படும் இழைக்கே முன்னுரிமை தருகிறது. மற்ற இழையின் பழுது மெதுவான வேறொரு வழிக்குக் காத்திருக்க, அதற்குள் செல் பிரிந்துவிட்டால் பிழை நிலைத்துவிடக்கூடும். டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் அறிவித்தது. ஆகவே யானைக்கவுனியில் நாள் முழுதும் சுமை தூக்குவோரும் மீன்பாடி வண்டி ஓட்டுவோரும் சுவாசிக்கும் புகையைக் குறைப்பது, உயிரணுவிடம் விட்டுவிடக் கூடாத கடமையாகும்.