புக்கிக் கடையின் வாசலும் கசினோவின் வாசலும்

சம்பள நாளுக்கு மறுநாள் எங்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். தண்ணீர்க் குழாய், கூரைத் தகரம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் என்று ஏதாவது ஒரு விஷயம் இருக்கும். ஒரு முறை பக்கத்துப் பிரிவில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் வந்தார். எல்லோரும் போகும்வரை வாங்கிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: "ஐயா, எங்க வீட்டுக்காரரோட தீவாளி அட்வான்ஸ எங்கையில குடுக்கச் சொல்லித் தொரைக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?"

குடியா என்று கேட்டோம். "இல்லீங்க ஐயா, ஒரு சொட்டுத் தொடமாட்டாரு. அதனாலதான் நான் சொன்னா யாரும் நம்புறாங்க இல்ல. குடிச்சிட்டு வந்தா வாசம் வரும். இதுல வாசம் இல்லையே!" என்றார். டவுனில் உள்ள புக்கிக் கடைதான் விஷயம். குதிரையில் தொடங்கி கிரிக்கெட்டுக்கு வந்து, கடைசியில் தோடும் அடகுக்குப் போய்விட்டது. அவர் போகும்போது கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "அரசாங்கம் லைசன் குடுத்த கடைதானேனு அவரு கேக்குறாரு. அதுக்கு நான் என்னா சொல்றது?"

நியாயமான கேள்விதான். சூதாட்டத்தை ஓர் அரசாங்கம் சட்டப்படி அனுமதிக்கலாமா, கூடாதா? பெரிய இடங்களில் பேசுகிற விஷயம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. அதன் கணக்கு நம் லயத்துக் காம்பிராவில்தான் வந்து முடிகிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். வெள்ளைக்காரன் காலத்தில், 1889ஆம் ஆண்டிலேயே சூதாட்டக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. சூதுமனை வைப்பதும் கோழிச்சண்டை நடத்துவதும் அதன்படி குற்றம். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதற்கு 1930இல் தனிச்சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1963இல் தேசிய லொத்தர் சபை அமைந்தது, சுவீப் டிக்கட்டை அரசாங்கமே விற்கிறது. (அதை நாமும் வாங்குகிறோம். இதை எழுதும் எங்கள் சட்டைப்பையிலும் ஒன்றிரண்டு இருந்ததுண்டு.) 1988இல் பந்தயம், சூதாட்டம் இரண்டுக்கும் வரி அறவிடும் சட்டம் வந்தது. ஆனால் கசினோ தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2010இல்தான் வந்தது. வரி வாங்கும் கை முதலில் நீண்டது, கட்டுப்படுத்தும் கை 22 வருடம் கழித்துத்தான் நீண்டது. இந்த முறைமாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. துண்டு துண்டாகக் கிடந்த பழைய சட்டங்களுக்குப் பதிலாக ஒரே சட்டம், ஒரே அதிகாரசபை என்பதுதான் நோக்கம். அதே மாதம்தான் கொழும்பில் நூறு கோடி டொலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய பெரிய ஹோட்டல் தொகுதியில் கசினோவும் திறக்கப்பட்டது. வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள், டொலர் வரும், வேலை வரும் என்கிறார்கள். வரலாம், அதை நாங்கள் மறுக்கவில்லை. நம் பிள்ளைகளும் கொழும்பு ஹோட்டல்களில் வேலை செய்கிறார்கள்.

புக்கிக் கடை எப்படிச் சம்பாதிக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கடைக்காரருக்கு அதிர்ஷ்டம் என்று நினைக்கிறோம். அவருக்கு அதிர்ஷ்டமே தேவையில்லை. சமபலமுள்ள இரண்டு அணிகள் விளையாடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணிக்கு நீங்கள் 100 ரூபாய் கட்டுகிறீர்கள், மற்ற அணிக்கு உங்கள் மச்சான் 100 ரூபாய் கட்டுகிறார். ஜெயித்தவருக்குக் கடை 190 ரூபாய் தருகிறது. கடைக்கு வந்தது 200, போனது 190. எந்த அணி ஜெயித்தாலும், மழை வந்து ஓவர் குறைந்தாலும், 10 ரூபாய் கடையில் நிற்கும். ஒவ்வொரு முறையும் 1000 ரூபாய் வீதம் 20 முறை கட்டினால், சராசரிக் கணக்கில் 1000 ரூபாய் முழுசாகக் கடையில் நின்றுவிடும். இடையில் நீங்கள் சராசரியாகப் பத்துத் தடவை ஜெயித்திருப்பீர்கள். ஜெயித்த நாள் மட்டும் மனசில் நிற்கும்.

கசினோவில் சுழலும் சக்கரமும் இதே கதைதான். அதில் பூச்சியத்திலிருந்து 36 வரை 37 எண்கள் உண்டு. எல்லா எண்ணிலும் 100 ரூபாய் வைத்தால் 3700 ரூபாய். விழுந்த எண்ணுக்குக் கட்டிய 100ஐயும் அதன் மேல் 3500ஐயும் தருவார்கள். ஆக 3600. ஏமாற்று வேலை எதுவுமில்லாமல், சட்டப்படி, கண்ணெதிரேயே 100 ரூபாய் குறைந்துவிட்டது.

இந்தக் கணக்கு தெரிந்தவர்களும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? எங்களிடம் வந்த ஆண்கள் எல்லோரும் சொன்ன ஒரே வார்த்தை, "விட்டதைப் புடிக்கணும் ஐயா." ஆரம்பத்தில் ஜெயிக்கத்தான் போகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு ஜெயிப்பதற்காக யாரும் போவதில்லை. வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் இழந்ததை எடுத்து வைத்துவிட வேண்டும் என்றுதான் போகிறார்கள். வீட்டில் சண்டை போட்டால் இன்னும் வேகமாகப் போகிறார்கள். இதை நாங்கள் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். ஆரம்ப வருடங்களில் அப்படி வந்தவர்களை நாங்களும் ஏசித்தான் அனுப்பினோம்.

அப்படியானால் முற்றாகத் தடை செய்துவிட்டால் என்ன? மாதர் சங்கக் கூட்டங்களில் இப்படித்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் அரசு லொத்தர் சீட்டை அடியோடு நிறுத்தியது. கூலிக்காரக் குடும்பங்கள் அழிகின்றன என்பதே காரணம். அங்கே நம் சொந்தக்காரர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டால் அது நல்ல வேலை என்றுதான் சொல்வார்கள். ஆனால் பிறகு கைத்தொலைபேசி வந்தது. போனில் ரம்மி விளையாடிக் கடன்பட்டவர்கள் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைமை வர, 2022இல் அதற்கென்று இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2025இல் இந்திய மத்திய அரசும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் போட்டது. கடையைப் பூட்டலாம், போனைப் பூட்டுவது அத்தனை சுலபமில்லை.

தடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோழிச்சண்டை 1889இலிருந்தே குற்றம்தான். அது நின்றுவிட்டதா? திருட்டுத்தனமாக நடக்கும் இடத்தில் பணம் கொடுப்பவன் வட்டிக்காரன், காவல் சண்டியன். அங்கே கடன்பட்டவர் பொலிசுக்குப் போக முடியாது. போனால் அவரும் குற்றவாளி.

விளையாட்டையே கெடுப்பதும் இந்தத் திருட்டுப் பணம்தான். 2010 ஆகஸ்டில் லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் பணத்துக்காகத் திட்டமிட்டு 'நோ போல்' போடப்பட்ட விவகாரத்தில் மூன்று பாகிஸ்தான் வீரர்கள் 2011இல் இங்கிலாந்துச் சிறைக்குப் போனார்கள். நம் நாட்டில் 2019இல் வந்த சட்டம் ஆட்டத்தை விற்பதைக் குற்றமாக்கி, பத்து வருடம் வரை சிறை என்கிறது. நம் பொடியன்கள் ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்க்கும் ஆட்டம் அது.

ஆகவே தடை என்ற ஒரே சொல்லில் விஷயம் முடியாது. அனுமதி என்ற ஒரே சொல்லிலும் முடியாது. இங்கிலாந்தில் 1961இல் பந்தயக் கடைகளைச் சட்டப்படி திறந்தார்கள். தெருவோரத்தில் ஒளிந்து பணம் வாங்கியவர்கள் கடைக்குள் வந்தார்கள், அது நன்மைதான். காலப்போக்கில் அந்தக் கடைகளில் சூதாட்ட மெசின்கள் வந்தன. ஒரு தடவை பட்டனை அமத்த 100 பவுண் வரை வைக்கலாம் என்றிருந்தது. ஏழைகள் குடியிருக்கும் தெருக்களில் கடைகள் பெருகி, குடும்பங்கள் நொறுங்கிய பின், 2019இல் அதை 2 பவுணுக்கு இறக்கினார்கள். 2020இல் கடன் அட்டையால் சூதாடக்கூடாது என்றும் சட்டம் வந்தது. வசதியான நாட்டுக்கே இதைக் கற்றுக்கொள்ள இத்தனை வருடம் எடுத்தது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2010இல் இரண்டு கசினோக்களைத் திறந்தபோதே உள்ளூர் ஆட்கள் உள்ளே போக ஒரு நாளைக்கு 100 சிங்கப்பூர் டொலர் என்று வைத்தார்கள். 2019இல் அதை 150 ஆக்கினார்கள். வெளிநாட்டாருக்கு இந்தக் கட்டணம் கிடையாது. அதைவிட எங்களுக்குப் பிடித்தது வேறொன்று. ஒருவர் சூதாடி வீட்டைக் கெடுக்கிறார் என்றால், மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ மனுக் கொடுத்து அவரை உள்ளே விடாமல் தடுக்கும் உத்தரவு பெறலாம். தன்னைத் தானே தடுத்துக்கொள்ளவும் எழுதிக் கொடுக்கலாம். அரசாங்க உதவிப்பணத்தில் வாழ்பவர்களுக்கும் கடனில் முறிந்தவர்களுக்கும் கதவு தானாகவே அடைபடும். எங்களிடம் வந்த அக்கா துரையிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சியதை அங்கே ஒரு பெண் உரிமையாகக் கேட்கலாம்.

நம் நாட்டிலும் கசினோவுக்குள் போகும் இலங்கையருக்கு நுழைவு வரி உண்டு. 50 டொலராக இருந்ததை 100 டொலராக உயர்த்த 2025இல் அமைச்சரவை முடிவு செய்தது. அந்த வருட நாணய மாற்றுப்படி 100 டொலர் சுமார் 30,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால் 22 நாள் பேர். நம் ஆட்கள் அந்த வாசலை மிதிக்கப் போவதில்லை. சரி, அந்த வாசலில் காவல் இருக்கிறது. ஆனால் டவுனில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புக்கிக் கடையின் வாசலில் என்ன இருக்கிறது? ஒரு திரைச்சீலை. நூறு ரூபாயோடு போனாலும் வரவேற்பு உண்டு. போனுக்கோ அந்தத் திரைச்சீலையும் இல்லை.

எங்கள் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறோம். சட்டப்படி அனுமதிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் பணக்காரன் போகும் வாசலுக்கு மட்டும் காவல் வைத்துவிட்டு, கூலிக்காரன் போகும் வாசலில் வரியை மட்டும் வசூலிப்பது நியாயமான அனுமதி இல்லை. 2023இல் பந்தய, சூதாட்ட வரியை 10 வீதத்திலிருந்து 15 வீதமாக உயர்த்தியபோது வருமானத்தைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. அதிகாரசபை விதிகள் போடும்போது புக்கிக் கடைக்கும் போனுக்கும் சேர்த்துப் போட வேண்டும். கடனுக்குப் பந்தயம் கட்டவிடக் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற எல்லை வேண்டும். குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால் பெயரை வெட்டும் பதிவேடு வேண்டும், படிவம் தமிழிலும் இருக்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்மார் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது இதையும் ஒரு கோரிக்கையாகக் கொண்டுபோகலாம்.

அந்த வீட்டுக்கு வருவோம். கணவரின் அட்வான்சை மனைவி கையில் கொடுக்கத் துரைக்கும் அதிகாரமில்லை, எங்களுக்கும் இல்லை. அதனால் அந்த அண்ணனையே கூப்பிட்டுப் பேசினோம். மூன்றாம் தடவைதான் வாய் திறந்தார். கடன் எவ்வளவு என்று மனைவிக்கு முன்னால் ஒரு கொப்பித் தாளில் எழுதச் சொன்னோம். எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த அக்கா நினைத்ததைவிட இரண்டு மடங்கு வந்தது. அவர் அழவில்லை. "இவ்வளவுதானே, இனிமே ஒளிக்காதீங்க" என்றார். பிறகு இருவரும் சம்மதித்துச் சம்பளத்தைக் கூட்டுக் கணக்கில் போட்டார்கள். வங்கி அட்டை அக்காவிடம் இருக்கிறது. தோட்டை மீட்க ஒன்பது மாதமாயிற்று. இடையில் ஒரு தடவை அவர் மறுபடியும் கடைக்குப் போனார். அன்று இரவே வீட்டில் சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், சம்பள நாள் வரும்வரை காத்திருக்காமல் வாருங்கள். ஆண்கள் தனியாகவே வரலாம், விஷயம் வெளியே போகாது. மனசு உடைந்து தப்பான எண்ணம் வந்தால், நேரம் பார்க்காமல் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள். தோடு அடகில் இருப்பவர்கள் அடகுத் துண்டையும் கையோடு கொண்டுவாருங்கள். முதலில் தவணைத் திகதியைத்தான் பார்க்க வேண்டும்.