பரிசலில் ஏறிய பாட்டி

கூட்டேரிப்பட்டிலிருந்து குடும்ப சகிதமாக ஒகேனக்கல் போவதென்று தீர்மானமானதுமே, "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்று என் மாமியார் சொல்லிவிட்டார். எழுபது வருஷமாக ஏரித் தண்ணீரையே பார்த்தவர் அவர். ஆறு என்றால் ஐப்பசியில் நாலு நாள் ஓடிவிட்டு மணலாகிப் போகிற சமாசாரம்! "அத்தை வராவிட்டால் நானும் வரவில்லை" என்று நான் பிடித்த பிடிவாதத்தில்தான் காரில் ஏறினார்.

செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை என்று வழி நீண்டுகொண்டே போயிற்று. தருமபுரி வருமுன்பே புளியோதரை காலி. பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் இறங்கியபோது காவிரியின் இரைச்சல் காதில் விழுந்தது. 'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. 'கல்' நம் கல்தான். பாறையில் அருவி மோதி எழும் திவலையைப் பார்த்தால் பெயருக்கு விளக்கமே வேண்டாம்.

கரையில் பரிசலைக் கண்டதும் அத்தை நின்றுவிட்டார். "களத்துமேட்டுக் கூடையை ஆற்றில் விட்டிருக்கிறார்களே!" அவர் சொன்னதில் தப்பில்லை. மூங்கிலில் முடைந்த பெரிய வட்டக் கூடைதான் அது. முன்பெல்லாம் அடியில் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும்.

அடுத்த தகராறு லைஃப் ஜாக்கெட். "புடவைமேல் இதைக் கட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பதா?" என்றார் அத்தை. என் கணவரும், "வயதானவர், விட்டுவிடுங்களேன்" என்று சிபாரிசு செய்தார். பரிசல்காரர் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். "இது இல்லாமல் நான் பரிசலைத் தள்ள மாட்டேன், அம்மா." 2015-இல் இங்கே பரிசல் கவிழ்ந்து, சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில் பலர் மாண்டுபோனார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத்தான் நினைவு வந்தது. நானே அத்தைக்கு வாரை இழுத்துக் கட்டினேன்.

எடை ஒரே பக்கம் சாயாதபடி எங்களை வட்டமாக உட்கார வைத்தார். எழுந்த பையனுக்கு ஓர் அதட்டல். பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பால் தண்ணீரைத் தம் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் நகருகிறது. கொஞ்சம் மாற்றிப் போட்டால் பம்பரம்தான்! இரு புறமும் பாறைச் சுவர்கள். நடுவில் அவர் ஒரு சுற்று சுற்றிவிட்டதும் அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வளையல் தடம் மறுநாள் வரை இருந்தது.

நிதானம் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பரிசல் ஓடாத நாளில் என்ன செய்வீர்கள், தம்பி?"

"கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் தண்ணீர் விட்டால், கலெக்டர் ஆபீஸில் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அடுப்பு யோசித்துத்தான் எரியும், அம்மா."

ஆடி, ஆவணியில் இது அடிக்கடி நேரும். ஆகையால் கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள்.

கரை வந்தது. எல்லோரும் இறங்கியும் அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. ஜாக்கெட் வார் சிக்கிக்கொண்டதோ என்று குனிந்தேன். காதோடு சொன்னார்: "அந்தச் சுற்று ஒன்று சுற்றினாரே, இன்னொரு தரம் சுற்றுவாரா, கேளேன்!"