குதிரை லாயத்துப் பக்கம் வாருங்கள்!

கல்கத்தா, 1931ஆம் வருஷத்துக் குளிர்காலம். குதிரைமேல் இருந்தபடி மட்டையால் பந்தடிக்கும் போலோ ஆட்டம் பார்க்க, மைதான் திடலில் கூட்டம் முண்டியடிக்கிறது. அது கிடக்கட்டும்! நாம் பின்பக்கம் நழுவுவோம், குதிரைகளைக் கட்டியிருக்கும் இடத்துக்கு. அடேயப்பா, திருவிழாவே அங்கேதான்!

ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் மான்சிங் வந்து இறங்கியிருக்கிறார். கூடவே அறுபது குதிரைகள். குதிரைக்கு ஒரு சயீஸ் (குதிரை பராமரிப்பவர்), சயீஸுக்கு ஒரு பளீர் ராஜஸ்தானித் தலைப்பாகை! கூச்பிகார் இளவரசி காயத்ரி தேவிக்கு அப்போது வயது பன்னிரண்டு. அந்தப் படாடோபம் பல வருஷம் கழித்தும் நினைவிலிருந்து, சுயசரிதையில் எழுதிவைத்தார்.

எதற்கு இத்தனை குதிரை என்கிறீர்களா? ஆட்டத்தின் ஒரு சுற்று, அதாவது ஒரு சக்கர், ஏழெட்டு நிமிஷம்தான். ஆனால் முழுப் பாய்ச்சலில் ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, எதிராளியின் குதிரையைத் தோளால் நெட்டித் தள்ளி... மணி அடிப்பதற்குள் குதிரைக்கு நுரை தள்ளிவிடும். அடுத்த சக்கருக்கு வேறு குதிரை.

இதோ, ஒரு சயீஸ் வேலையில் இருக்கிறார், கிட்டே போய்ப் பாருங்கள். பிடரி மயிரை முன்பே ஒட்ட நறுக்கியாயிற்று. இப்போது வாலைப் பின்னி, மடித்து, இறுக்கிக் கட்டுகிறார். ஒரு முடி அவிழ்ந்து மட்டையில் சுற்றினாலும் அடி தவறிவிடுமே! பிறகு நான்கு காலுக்கும் துணிக்கட்டு. கடைசியாகக் கடிவாளம்: நான்கு வார்களும் ஆடுபவரின் இடக்கையில் அடங்க வேண்டும். வலக்கை முழுக்க மட்டைக்கு. மட்டையோ பிரம்புக் காம்பு, நுனியில் குறுக்காக ஒரு மரத்தலை. குதிரையின் உயரத்துக்கேற்ப மட்டையின் நீளமும் மாறும். பந்து மூங்கில் வேரில் கடைந்தது. அது முழங்காலில் பட்டால் எப்படி இருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது!

ஆட்டமா? இந்திய போலோ சங்கக் கோப்பை ஜெய்ப்பூருக்கே! அதைவிட ருசியான சேதி ஒன்று. ஜெயித்தால் என்ன பரிசு என்று காயத்ரியின் தாயாரிடம் மான்சிங் முன்பே பேரம் பேசி வைத்திருந்தாராம். கேட்டது என்ன தெரியுமா? ஃபிர்போஸ் ஹோட்டல் விருந்துக்குச் சின்னப் பெண் காயத்ரியும் வரவேண்டும்! வந்தார். 1940இல் மான்சிங்கையே மணந்தார்.

1933இல் ஜெய்ப்பூர் அணி குதிரை, சயீஸ் பரிவாரத்தோடு கப்பலேறி இங்கிலாந்து போனது. ஆடியவர்கள் நால்வர்: மான்சிங், பாரியா சமஸ்தானத்துப் பிருத்வி சிங், அண்ணன் தம்பிகளான அபய் சிங், ஹனுத் சிங். அந்த சீசனின் பெரிய கோப்பைகள் அத்தனையும் இவர்களுக்கே!

நால்வரில் என் மனசு ஹனுத் சிங்கிடம்தான். ஜோத்பூர் சர் பிரதாப் சிங்கின் மகன். குதிரையைப் பழக்குவதில் மன்னன். ஆடியதும் ஒன்றிரண்டு வருஷமா? 1964இல், அறுபதைத் தாண்டிய வயதில், அதே இங்கிலாந்தில் கௌட்ரே பார்க் தங்கக் கோப்பையையும் வென்றார்!