ஈரமும் சிலிகானும்

சமையலறையின் கிரானைட் மேடையும் பாத்திரம் கழுவும் எவர்சில்வர் சிங்க்கும் சந்திக்கும் விளிம்பில், கரப்பான் பூச்சிகள் வாசம் செய்வதற்கென்றே அமைந்ததுபோல ஒரு மெல்லிய சந்து உண்டாகிவிடுகிறது. அதில் வெள்ளை சிமெண்டை எத்தனை முறை அடைத்தாலும், உலோகமும் கல்லும் உஷ்ணத்தில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், வளைந்துகொடுக்கத் தெரியாத அந்தச் சிமெண்டு நாளடைவில் வெடித்து உதிர்ந்துபோகிறது. ரப்பரைப்போல இழுபடும் சிலிகான் பசைக்கு மவுசு வந்தது இதனால்தான். சென்ற ஆண்டு நானும் ஒரு டியூபை வாங்கிவந்து, தைரியமாகப் பிதுக்கி, கோணலாக விழுந்ததை விரலால் சரிசெய்யப்போய், விரலில் அப்பியதைத் துணியில் துடைத்து, துணியில் அப்பியது சுவரில் பட்டு, கடைசியில் அந்தச் சந்தைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் சிலிகானைப் பூசிமுடித்த வைபவத்தை என் சகதர்மிணி இன்னும் மறக்கவில்லை.

அந்த அவஸ்தைக்கெல்லாம் காரணம், இப்பதார்த்தத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள விசித்திர சம்பந்தத்தை நான் அறியாததே. மற்றப் பசைகள் பலவற்றைப்போல ஈரம் வற்றிக் காய்வதன்று சிலிகான். காற்றிலுள்ள ஈரத்தைக் கிரகித்து, அதனோடு ரசாயன வினை புரிந்து இறுகுவது. சாதாரண வகையைப் பூசியதும் வினிகர் நெடி மூக்கைத் துளைப்பது, அவ்வினையில் அசிட்டிக் அமிலம் வெளிப்படுவதால்தான். (பளிங்கை அந்த அமிலம் அரிக்குமாதலால், அங்கே ‘நியூட்ரல்’ வகையைக் கேட்டு வாங்கவேண்டும்.) காற்றின் ஈரத்தை இவ்வளவு விரும்பும் இதே பசை, நனைந்த பரப்பில் மட்டும் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே, பூசும் இடம் உலர்ந்தும் தீண்டும் விரல் நனைந்தும் இருக்கவேண்டும் என்பதே இத்தொழிலின் சூட்சுமம்.

இறுகிய பழைய சிலிகானின்மேல் புதியது ஒட்டாதென்பதால், முதலில் பழையதைப் பிளேடால் முழுவதும் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு நீங்க ஸ்பிரிட்டால் துடைத்து, ஓர் இரவு உலரவிடுவது உத்தமம். பிறகு சந்தின் இருபுறமும் மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டிக்கொண்டு, டியூபின் மூக்கைச் சுமார் 45 பாகைச் சாய்வில், துவாரம் சந்தின் அகலத்தை மிஞ்சாதபடி வெட்டி, பசையைப் பிதுக்கித்தள்ளும் ‘கன்’ என்னும் கருவியில் பொருத்தி, நிதானம் தவறாமல் ஒரே ஓட்டமாகப் பிதுக்கிச் செல்லவேண்டும். முடிவில் கன்னின் பிடியை உடனே தளர்த்தாவிட்டால் பசை தானாகவே வழிந்துகொண்டிருக்கும். உடனே சோப்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்து, தண்ணீர் சொட்டாதபடி உதறிவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பு. இரண்டாம் இழுப்புக்குக் கை துடிக்கும். அந்தச் சபலத்தை வென்றவனே இக்கலையில் தேர்ந்தவன். பத்து நிமிஷத்துக்குள் மேலே ஆடை படர்ந்துவிடக்கூடும் என்பதால், அதற்கு முன்பே டேப்பைச் சாய்வாக உரித்துவிட வேண்டும்.

கையில் பட்டதைத் தண்ணீரில் கழுவினால் அது மேலும் பரவுமேயன்றிப் போகாது. முதலில் காய்ந்த காகிதத்தால் துடைக்கவேண்டும். டைல்ஸில் சிந்தியதையோ அன்று தொடாமலே விட்டு, மறுநாள் பிளேடால் சீவினால் தோலாக உரிந்துவரும். இறுகுவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமே என்பதால், குழாயை 24 மணிநேரமாவது திறக்காமலிருக்க வீட்டாரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்வது விவேகம். மிஞ்சிய டியூபின் மூக்கில் ஒரு நீண்ட ஸ்குருவைச் செருகிவைத்தால், அதைச் சுற்றி இறுகும் பசையே தக்கையாகிவிடும். அடுத்த முறை ஸ்குருவை இழுத்தால் தக்கையும் கூடவே வரும்.