குதிரையைத் தண்ணீரில் இறங்கப் பழக்குவது எப்படி?

புதிதாகப் பழக்கும் வண்டி மாடு ஓடைக்கரை வரை ஒழுங்காக வந்து, தண்ணீரைக் கண்டதும் முரண்டு பிடிப்பது நாம் அறிந்ததே. குதிரையும் அதற்கு விலக்கல்ல. இடுப்பளவு மரக்கட்டையைத் தயங்காமல் தாண்டும் குதிரை, கணுக்கால் அளவு தண்ணீர் உள்ள குட்டையின் முன்னே காலை ஊன்றி நின்றுவிடும்.

‘ஈவெண்டிங்’ எனப்படும் குதிரையேற்றப் போட்டியில் திறந்தவெளி ஓட்டம் ஒரு முக்கியப் பகுதி. காடு மேடு வழியாக ஓடி, இயற்கையான தடைகளைக் கடக்க வேண்டும். இங்கே தண்ணீரை ஒரே தாவலில் தாண்டிவிட முடியாது. குதிரை அதனுள் குதித்து, நடுவே ஓடி, மறுகரை ஏற வேண்டும். இங்கிலாந்தில் 1949-ல் தொடங்கிய பாட்மின்டன் போட்டியில் அங்குள்ள ஏரியே பெயர் பெற்ற தடையாகும். நம் நாட்டினரும் இத்துறையில் சோடை போகவில்லை. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தங்கமும், 2018-ல் பெங்களூரைச் சேர்ந்த பவாத் மிர்சா வெள்ளியும் பெற்றனர்.

தயக்கம் ஏன்?

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னும் மூக்கின் அடியிலும் உள்ள சிறு இடம் தெரியாது. மேலும், பளபளக்கும் நீர்ப்பரப்பைப் பார்த்து அதன் ஆழத்தைக் குதிரையால் கணிக்க முடியாது. அரை அடியா, ஆள் ஆழமா என்று தெரியாத இடத்தில் கால் வைக்கத் தயங்குவது பிடிவாதமல்ல, தற்காப்பு. ஆகவே தண்ணீரில் இறங்கும் குதிரை, தன் கண்ணை நம்பி அல்ல, ஏறியிருப்பவரை நம்பியே இறங்குகிறது. பயிற்சி முழுவதும் இந்த நம்பிக்கையைக் காப்பதில்தான் இருக்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

அடித்தளம் மணலாகவோ சரளையாகவோ கெட்டியாக இருக்க வேண்டும். சேறும் பள்ளமும் ஆகாது. கரை சரிவாக இருத்தல் அவசியம். முதலில் நீங்களே கையில் கோலுடன் இறங்கி, நெடுகிலும் குத்திப் பாருங்கள். தொடக்கத்தில் 15 முதல் 20 செ.மீ. ஆழமே போதும். உயர்நிலைப் போட்டிகளில்கூட 35 செ.மீ.க்கு மேல் ஆழம் கூடாது என்பது விதி.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்காவது தடையாக இருந்த குளத்தில் பல குதிரைகள் விழுந்தன. தேர்ந்த குதிரைகளுக்கே இந்தக் கதி என்றால், கன்றுக் குதிரை ஒரு முறை புதைகுழியில் கால் வைத்துவிட்டால் அந்தப் பயத்தைப் போக்க மாதக்கணக்கில் ஆகும்.

பழக்கும் முறை

1. மழை பெய்து தேங்கிய சிறு குட்டைகளில் தொடங்குங்கள். சுற்றிப் போக விடாமல், நடுவே நடத்திச் செல்லுங்கள்.

2. தண்ணீருக்குப் பழகிய வேறொரு குதிரையை முன்னே விடுங்கள். அதன் பின்னே இளங்குதிரை தானாக இறங்கும்.

3. கரையில் நின்றால் அடிக்காதீர்கள். தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்க வாரைத் தளர்த்திக் கொடுங்கள். ஆனால் திரும்பிப் போக மட்டும் விடாதீர்கள். அது ஓர் அடி முன்வைத்ததும் காலின் அழுத்தத்தைத் தளர்த்தித் தட்டிக் கொடுங்கள்.

4. உள்ளே போனதும் சிறிது நேரம் நடக்க விடுங்கள். முன்னங்காலால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தால் படுத்துப் புரளப் போகிறது என்று அறிந்து, உடனே முன்னே செலுத்துங்கள்.

5. நடை பழகிய பின் மெல்லோட்டம். அதன்பின் கரையில் சிறு கட்டையை வைத்து, தண்ணீரிலிருந்து வெளியே தாண்டச் செய்யுங்கள். உள்ளே குதிப்பதைக் கடைசியில்தான் கற்பிக்க வேண்டும்.

வேகம் வேண்டாம்

தண்ணீர் குதிரையின் கால்களைப் பிடித்து இழுக்கும். உடலோ முன்னே போகும். விரைந்து பாயும் குதிரை முகம் குப்புற விழுவது இதனால்தான். ஆகவே வேகத்தைக் குறைத்து, ஆனால் ஊக்கம் குறையாமல் அணுக வேண்டும். குதிக்கும்போது ஏறியிருப்பவர் உடலைச் சற்றுப் பின்சாய்த்து, குதிகாலைத் தாழ்த்தி, வாரை விரல்களுக்கிடையே நழுவ விட வேண்டும். வாரை இறுக்கினால் குதிரையின் வாய் வலிக்கும். அந்த வலியைத் தண்ணீரோடு சேர்த்தே அது நினைவில் வைத்துக்கொள்ளும். தலைக்கவசமும் மார்புக்கவசமும் இன்றிப் பழகக் கூடாது, தனியாகவும் கூடாது.

பயிற்சிக்குப் பின்

லாடம் தளர்ந்துள்ளதா, குளம்பில் கல் சிக்கியுள்ளதா என்று பாருங்கள். கால்களைக் கழுவி, குறிப்பாகக் குளம்புக்கு மேலுள்ள மடிப்பை, ஈரம் போகத் துடையுங்கள். ஈரமும் சேறும் தங்கினால் தோல் வெடித்துப் புண்ணாகும். குளம்பின் அடியும் அழுகும்.

ஒவ்வொரு நாளும், குதிரை நன்றாகச் செய்த ஒன்றோடு பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை நன்றாக இறங்கிய பின் நான்காவது முறைக்கு ஆசைப்பட வேண்டாம். அடிக்குப் பயந்து இறங்கும் குதிரை, அடுத்த புதுத் தண்ணீரில் மறுபடியும் நிற்கும். உங்களை நம்பி இறங்கப் பழகிய குதிரையோ, எந்தத் தண்ணீரானாலும் இறங்கும்.